கையைப் பிடிக்கிற துணி

"இந்த ஏக்கத்த எடுத்துருங்க. அப்புறம் தீட்சை குடுங்க. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

சௌந்தரவல்லி இதைச் சொல்லி முடித்தபோது மேகலா அக்கா ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். தவம் ஒன்றும் இல்லை. உள்ளங்காலில் ஒரு முடி ஒட்டியிருந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நரைச்ச முடி. உங்களுதாம்மா?"

"என்னை அம்மான்னு கூப்பிடாதீங்க."

அக்கா காலை இறக்கினாள்.

"பேரு?"

"சௌந்தரவல்லி."

"சரி, சௌந்தரவல்லி."

சமையல்கட்டு வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த சமையல்காரர் ராயப்பனுக்குக் கை நின்றுவிட்டது. வந்தவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. அக்காவுக்கு முப்பத்து நான்கு. மூத்தவளை அக்கா பேர் சொல்லிக் கூப்பிடுகிறாளே என்று தோன்றியது. ஆனால் சிறுமலை அடிவாரத்தில் இருந்த அந்தச் சபையில் எழுபது வயதுக்காரரும் அவளை அக்கா என்றுதான் அழைப்பார்.

முப்பத்து நான்கு. சௌந்தரவல்லி வந்த உடனே அந்த வயதைக் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். தன் மகளுக்கும் அதே வயது. கேட்காமலே இருந்திருக்கலாம்.



மேகலா அக்கா வேதம் படித்து குரு ஆனவள் அல்ல. ஒரு விமான நிலையத்தில் எட்டு வருஷம் தரை துடைத்தவள்.

சபையின் பெரியவர் ஒருநாள் அந்த வழியாகப் போனார். பெட்டிகளும் கூட்டமும் இரைச்சலுமாக இருந்த இடத்தில் ஒருத்தி மட்டும் அவசரமில்லாமல் பின்னோக்கி நடந்துகொண்டிருந்தாள். அவர் அவளிடம் போய், "தாயே, எங்கே கற்றாய் இதை?" என்று கேட்டார்.

"ஓரமா நில்லுங்க சாமி. ஈரம்."

பெரியவர் ஓரமாக நின்றார். தரை காயும் வரை நின்றார். விமானம் போய்விட்டது.

சாகும்போது சபையை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்.



"ஏக்கம் யார் மேல?" அக்கா கேட்டாள்.

"மக மேல."

"எங்க இருக்காங்க?"

சௌந்தரவல்லி கைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். சித்திரையில் கணவர் இறந்தார். காரியம் முடிந்த மறுநாள் தபாலில் அது வந்தது. திருப்பூரில் ஒரு வீட்டு விலாசம். மகள் வினோதினியின் கையெழுத்து. வேறு ஒரு சொல் இல்லை.

"வான்னு எழுதல," என்றாள் சௌந்தரவல்லி.

"வராதேன்னும் எழுதல."

"எழுதாததுக்கெல்லாம் அர்த்தம் வச்சா எப்படி? நான் கணக்கு டீச்சர். இருக்கிறத வச்சுத்தான் பேசுவேன்."

"இருக்கிறது என்ன?"

"விலாசம்."

"விலாசம் எதுக்கு?"

இதற்கு டீச்சரிடம் விடை இருந்தது.

"இத எரிச்சிருங்க," என்றாள்.

அக்கா காகிதத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "தீட்சை பௌர்ணமிக்கு. இன்னும் பதிமூணு நாள்."

அங்கே தீட்சை வாங்கியவர்கள் சபையின் கேட்டைத் தாண்டுவதில்லை. கடிதம் எழுதுவதில்லை, வாங்குவதில்லை. சௌந்தரவல்லி தேடி வந்ததே அதைத்தான். போகக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்துவிட்டால், போகாமல் இருப்பது தன் குற்றம் ஆகாது.

"அதுவரைக்கும் என்ன பண்ணணும்?"

அக்கா மூலையைக் காட்டினாள். அங்கே ஒரு மாப் சாய்ந்திருந்தது.



சௌந்தரவல்லிக்குக் கோபம் வந்தது. நியாயமான கோபம்தான்.

"முப்பத்தாறு வருஷம் வீட்டத் துடைச்சாச்சு. பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி ஒரு தடவ, வந்த பிறகு ஒரு தடவ. அவர் காலைத் தூக்கி நாற்காலில வச்சுக்கிட்டு பேப்பர் படிப்பார். ஞானம் தேடி வந்த இடத்துலயும் பொம்பள கையில மாப்பத்தான் குடுப்பீங்களா?"

"நேத்து வரைக்கும் துடைச்சது ரிட்டயர்டு ஜட்ஜ் ஐயா."

"இப்ப எங்க அவர்?"

"முதுகு பிடிச்சுக்கிச்சு."

சமையல்கட்டில் ராயப்பன் இருமினார். சிரிப்பை அப்படித்தான் மறைப்பார்.

அக்கா இன்னொரு மாப்பை எடுத்துக்கொண்டாள். "பாதி மண்டபம் எனக்கு. பாதி உங்களுக்கு. வாங்க."



மண்டபத்தின் தரை கறுப்பு கிரானைட். ஒரு மயிரிழையைக்கூட மறைக்காத தரை.

மாப் தட்டையானது. அதன் அடியில் ஒட்டிக் கழற்றும் நீலத் துணி. மைக்ரோஃபைபர். மொத்தம் பன்னிரண்டு துணிகள்.

"முதல்ல காஞ்ச துணி. தூசிய அது எடுத்துக்கும். அப்புறம் ஈரத் துணி. சொட்டக் கூடாது, ஈரம் இருக்கான்னு சந்தேகம் வரணும், அவ்வளவு போதும்."

"சரி."

"பழைய நூல் மாப் அழுக்க ஊர் பூரா சொல்லிட்டு வரும். இது வாங்கி உள்ள வச்சுக்கும். அழுத்தாதீங்க. சும்மா கூட்டிட்டுப் போங்க."

"சரி."

"சுவர்ல ஆரம்பிச்சு வாசலுக்கு வரணும். பின்னாலயே நடந்து. துடைச்ச இடத்துல கால் வைக்கக் கூடாது."

"காயிற வரைக்கும் வெளியிலயே நிக்கணுமா?"

"இந்தத் துணியில துடைச்சா ரெண்டு நிமிஷம். காஞ்சிரும்."

சௌந்தரவல்லி சுவரில் ஆரம்பித்தாள். துடைத்துத் துடைத்துப் பின்னால் வந்தாள். குதிகால் வாசற்படியைத் தொட்டபோது, வெளியே ஹாரன் கேட்டது.

மலையிலிருந்து இறங்கும் பஸ். தினமும் ஒன்பது பத்துக்குச் சபையின் கேட் முன்னால் ஒரு நிமிஷம் நிற்கும். ஆள் இருந்தால் ஏற்றிக்கொள்ளும். திண்டுக்கல் போகும். அங்கிருந்து திருப்பூருக்கு மணிக்கு ஒரு பஸ் இருந்தது.

சௌந்தரவல்லி திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அறுபது வரை எண்ணினாள். ஐம்பத்தெட்டில் பஸ் கிளம்பியது.



துடைத்த துணிகளைத் துவைப்பதும் அவள் வேலை.

முதல் நாள், துவைக்கும் கல்லில் உட்கார்ந்து ஒரு துணியை அலசினாள். பிழிந்து உதறுவதற்காகக் கையை எடுத்தாள்.

துணி விடவில்லை.

பெரிதாக ஒன்றும் இல்லை. சாக்பீஸும் பாத்திரம் தேய்க்கும் சபீனாவும் தின்ற கை. வெடித்த விரல்நுனிகள். அந்த வெடிப்புகளில் துணியின் நுண்ணிய இழைகள் மாட்டிக்கொண்டு லேசாக இழுத்தன. அந்தத் துணியின் இயல்பே அப்படி.

சௌந்தரவல்லி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆவணிக் காலை. கேட்டுக்கு வெளியே வினோதினி. உள்ளே இவள். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் ஆகியிருந்தது. கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு மகள் இவள் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு தடவ உள்ள வந்துட்டுப் போயிர்றேம்மா."

பின்னால் படியில் கணவர் நின்றிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் இருபத்தைந்து வருஷத்தில் சொல்லி முடித்திருந்தார்.

இவள் கையை உருவிக்கொண்டாள். விரல் விரலாக.

ஊர் அவரைத்தான் குறை சொன்னது. இவளும் அவரைத்தான் சொன்னாள். ஆனால் கை இவளுடையது.



மறுநாள் உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு துவைத்தாள். அப்போதும் பிடித்தது.

மூன்றாம் நாள், விருந்தினர் படுக்கைவிரிப்புகளுக்காக வைத்திருந்த ஒரு பாட்டில் அலமாரியில் கண்ணில் பட்டது. துணியை மென்மையாக்குகிற திரவம். ரோஜா வாசனை. ஒரு மூடி ஊற்றினாள்.

துணி பட்டுப்போல ஆனது. கையில் பட்டதே தெரியவில்லை. வழுக்கிக்கொண்டு போனது.

அன்று இரவு நன்றாகத் தூங்கினாள்.

அடுத்த நாள் இரண்டு மூடி ஊற்றினாள்.

ஏழாம் நாள் பஸ் ஹாரன் அடித்தபோது, இருபதுக்கு மேல் எண்ண மறந்துபோனாள். ஏக்கம் விலகுகிறது என்று நினைத்தாள். அக்காவிடமும் சொன்னாள்.

"தீட்சைக்குத் தயார் ஆயிட்டேன்னு நினைக்கிறேன்."

அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தரை என்ன சொல்லுது?"

"தரை என்ன சொல்லும்? தரை பேசாது."

"ஓ," என்றாள் அக்கா.



பௌர்ணமி வந்தது.

நாற்பது பேர் வெள்ளை உடுத்தி மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். சௌந்தரவல்லி முன்வரிசையில், தலைக்குக் குளித்து, ஈரம் சொட்டும் கூந்தலோடு இருந்தாள். ஒரு மணிநேரம் மௌனம். மணி அடித்தது. எல்லோரும் எழுந்தார்கள்.

ராயப்பன்தான் முதலில் பார்த்தார்.

"ஜட்ஜ் ஐயா, கொஞ்சம் திரும்புங்க."

ஜட்ஜ் திரும்பினார். வேட்டியின் பின்பக்கம் சாம்பல் நிறத்தில் இரண்டு வட்டங்கள். பக்கத்தில் இருந்தவருக்கும் அப்படியே. அவருக்குப் பக்கத்தில் இருந்த அம்மாளுக்கும். நாற்பது பேர் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். நாற்பது பேருக்கும் அதே முத்திரை.

"தீட்சை எல்லாருக்குமே குடுத்தாச்சு போலிருக்கே," என்றார் ராயப்பன்.

கிழக்கு வாசல் வழியாக வெயில் நீளமாகத் தரையில் விழுந்தது. அப்போது எல்லாம் தெரிந்தது. தூசி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஊர்வலம் போயிருந்தது. அதன்மேல் மெழுகுபோல ஒரு மெல்லிய படலம். படலத்தில் பத்து நாள் காலடிகள். மாப் எல்லாவற்றின் மேலும் வழுக்கிக்கொண்டு போயிருந்தது. எதையும் எடுக்கவில்லை.

அக்கா ஒரு துணியைக் கொண்டுவரச் சொன்னாள். உள்ளங்கையால் அதன்மேல் ஒரு தடவை தடவினாள். முகர்ந்தாள்.

"ரோஜா," என்றாள்.

"துணி கெட்டுப்போச்சுக்கா. வேற வாங்கிக் குடுங்க."

"கெடல. மெதுவாயிருச்சு."

"மெதுவா இருந்தா நல்லதுதானே? வழவழப்பான தரைக்கு மெதுவான துணி. இதுல என்ன தப்பு?"

"எதுக்கு ஊத்துனீங்க?"

சௌந்தரவல்லியிடம் எப்போதும் பதில் இருக்கும். இப்போது தன் விரல்நுனிகளைப் பார்த்தாள்.

"பிடிக்குது," என்றாள் கடைசியில். "கையப் பிடிக்குது. விட மாட்டேங்குது."

அக்கா துணியை மடித்து அவள் கையில் வைத்தாள். நாற்பது பேரையும் பின்பக்க அழுக்கோடு கஞ்சி குடிக்க அனுப்பிவிட்டாள்.

"தீட்சை?" சௌந்தரவல்லி கேட்டாள்.

"துணி பிடிக்கட்டும். அன்னைக்கு."

"எத்தன தடவ துவைச்சா பிடிக்கும்?"

"பிடிக்கிற வரைக்கும்."

"இது ஒரு கணக்கா?"

"இல்ல," என்றாள் அக்கா.



பன்னிரண்டு துணிகள். சோப்பு இல்லை, வாசனை இல்லை. வெறும் சுடுதண்ணீர். இரண்டாம் நாள் ராயப்பனிடம் வினிகர் கேட்டாள்.

"ஊறுகாய்க்கு வச்சிருந்தேன். இனி மோட்சத்துக்கு இதுதான் வழியா?"

"குடுங்க அண்ணே."

"ஊத்துறப்ப ஜாலியா ஊத்திட்டீங்க. எடுக்கிறதுல்ல கஷ்டம்."

அவள் வாங்கிக்கொண்டு போனாள்.

வினிகர் கலந்த சுடுதண்ணீரில் ஊறவைத்தாள். அலசினாள். நுரை வந்தது. மறுபடி ஊறவைத்தாள். மறுபடி நுரை. போட்டது மூடி மூடியாகத்தான். வந்துகொண்டே இருந்தது. தண்ணீரைக் கொட்டும்போதெல்லாம் ரோஜா வாசனை எழுந்தது. முதலில் இனித்தது. பிறகு குமட்டியது.

வேலைக்கு இடையில் நினைவுகளும் வந்தன. தடுக்க ஒன்றும் இல்லை.

ஒன்றாம் வகுப்பில் வினோதினி எட்டைத் திருப்பிப் போட்டாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் எட்டுத்தானே அம்மா என்றாள். காய்ச்சல் வந்தால் இவள் சேலைத் தலைப்பைக் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டுதான் தூங்குவாள். பள்ளிக்குக் கிளம்ப, இவள் அந்தத் தலைப்பை மெதுவாக, ரொம்ப மெதுவாக, பிரித்தெடுப்பாள்.

இப்போது அவளுக்கு ஒரு குழந்தை இருக்குமா? இருந்தால் அது எதைப் பிடித்துக்கொண்டு தூங்கும்?

ஐந்தாம் நாள் நுரை நின்றது. ஏழாம் நாள் வாசனை நின்றது. துணி மட்டும் கையில் வழுக்கிக்கொண்டே போனது.

அப்போதுதான் பயம் வந்தது. இனி பிடிக்கவே பிடிக்காதோ என்று. எந்தப் பிடியிலிருந்து தப்பி வந்தாளோ, அந்தப் பிடிக்காகத் தினமும் காலையில் கொடியில் தொங்கும் பன்னிரண்டு துணிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். வரிசையாக நிற்கும் பிள்ளைகளின் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பதுபோல.

ஒன்பதாம் நாள், நான்காவது துணி.

மோதிரவிரலின் வெடிப்பில் ஓர் இழை மாட்டியது. லேசாக இழுத்தது.

சௌந்தரவல்லி கையை எடுக்கவில்லை. வெயில் முதுகில் ஏறும் வரை கொடிக்குக் கீழே அப்படியே நின்றாள்.



"பிடிக்குதுக்கா."

அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். துணியைப் பார்க்கவில்லை.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"எடுத்துரவா?"

வந்த அன்று அவள் கேட்டது அதைத்தான். இப்போது துணியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வேணாம்," என்றாள். பிறகு டீச்சர் புத்தி விடவில்லை. "ஆனா நீங்க வாக்கு குடுத்திருக்கீங்க. துணி பிடிச்சா தீட்சைன்னு."

"குடுத்தேன். முதல்ல மண்டபம்."

அக்கா உள்ளே போய், மண்டபத்தின் கோடியில் சுவரோரம் போட்டிருந்த பலகையில் கால் மடித்து உட்கார்ந்துகொண்டாள். இன்று அவள் பாதி மண்டபம் கேட்கவில்லை.

சௌந்தரவல்லி காய்ந்த துணியைப் பொருத்தினாள். சுவரில் ஆரம்பித்தாள். தூசி எழுந்து துணிக்குள் போனது. முடி போனது. நூல் போனது. பிறகு ஈரத் துணி. படலம் உரிந்தது. காலடிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கறுப்புத் தரை கிணற்றுத் தண்ணீர்போல ஆனது. அதில் தலைகீழாக அக்கா உட்கார்ந்திருந்தாள்.

அவள் அழுத்தவில்லை. சும்மா கூட்டிக்கொண்டு போனாள். பின்னால், பின்னால், பின்னால்.

குதிகால் படியைத் தொட்டது. இறங்கினாள். ஏதோ காலில் இடறியது.

அவளுடைய பை. படியில் இருந்தது. மடித்த சேலைகள் உள்ளே. கைப்பிடியில் ஊக்கு குத்தி ஒரு காகிதம். எரிக்கச் சொல்லிக் கொடுத்த காகிதம்.

சௌந்தரவல்லி குனிந்து அதைத் தொட்டாள்.

"அக்கா."

"ம்."

"இது எதுக்கு இங்க இருக்கு?"

"எது?"

"நான் உள்ள வரணும்."

"ஈரம்," என்றாள் அக்கா, கோடியிலிருந்து.

"பின்கதவு வழியா வரேன்."

"ராயப்பன் அங்க வத்தல் காயப் போட்டிருக்காரு."

"அவ கதவத் திறக்கலன்னா?"

சௌந்தரவல்லி பையைத் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்தாள்.

"திறந்து, என் கையப் பாத்து, எதுக்கு வந்தேன்னு கேட்டா? நான் என்ன சொல்றது? பதினோரு வருஷத்துக்கு என்ன பதில் இருக்கு?"

அக்கா பலகையிலேயே உட்கார்ந்திருந்தாள். நடுவில் தரை மின்னிக்கொண்டிருந்தது.

மலைப்பாதைத் திருப்பத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது. கேட் முன்னால் பஸ் வந்து நின்றது. ஹாரன் அடித்தது.

சௌந்தரவல்லி துணியைக் கழற்றிக்கொண்டு மாப்பை வாசல் நிலையில் சாய்த்தாள். ஒரு கை பையின் மேல் இருந்தது. இன்னொரு கையில் அந்தத் துணி இருந்தது.

"இந்தத் துணியில துடைச்சா ரெண்டு நிமிஷத்துல காஞ்சிரும்," என்றாள். "நீங்கதான் சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்ப ரெண்டு நிமிஷம் இங்கயே நிக்கிறேன். காஞ்சதும் உள்ள வர்றேன்."

அக்கா பலகையிலிருந்து எழுந்தாள். ஈரத்தின் விளிம்பு வரை வந்து நின்றாள்.

"பஸ் ஒரு நிமிஷம்தாம்மா நிக்கும்."